அதே நிறத்தில் ஒருவர்

பேஸ்போல் அலுப்பூட்டும் விளையாட்டு என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. உண்மையில் அது அலுப்பூட்டும் விளையாட்டுத்தான். எறிகிறவன் தொப்பியைச் சரிசெய்வான், சப்பாத்து நுனியால் மண்ணைக் கிளறுவான், எதிரே குந்தியிருக்கும் பிடிப்பவனின் விரல்களைப் பார்த்துத் தலையாட்டுவான். பிறகு ஒரு பந்து. பிறகு மறுபடியும் தொப்பி. ஆனால் அந்த இடைவெளிகளில் மனிதனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. உதைபந்தாட்டத்தில் அது கிடைப்பதில்லை. அங்கே நடக்கும் முட்டாள்தனங்களில் பெரும்பாலானவை அதனால் வருபவை என்பது என் அபிப்பிராயம்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் அந்த மனிதரைப் பேஸ்போல் மட்டையால் அடித்ததாகப் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அது பிழை. ஜெர்மனியில் மட்டை வாங்குகிறவர்களில் பலர் பந்து வாங்குவதில்லை. காரின் பின்பெட்டியில் போட்டுவைக்கவே வாங்குகிறார்கள். நான் அந்த வகை ஆள் இல்லை. எனக்கு மட்டை பிடிக்க ஒழுங்காக வராது. நான் எறிகிறவன்.

என் பெயர் பிரவீணன். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் பிறந்தேன், அங்கேயே வளர்ந்தேன், அங்கேயே மின்சார வேலை பழகினேன். அப்பா விஜயரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து கம்பித் தொழிற்சாலையில் சேர்ந்தவர். வாரம் முழுவதும் இயந்திரச் சத்தத்தில் நின்றுவிட்டுச் சனிக்கிழமையில் இன்னும் பெரிய சத்தத்தைத் தேடி உதைபந்தாட்ட மைதானத்துக்குப் போவார். ஏழு வயதில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கழகங்களின் பெயரை இதற்குள் இழுக்க நான் விரும்பவில்லை. எங்கள் நிறம் கருஞ்சிவப்பு, எதிரிக் கழகத்தினுடையது செம்மஞ்சள். அது போதும்.

பாடசாலையில், வேலையிடத்தில், பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில், நான் உண்மையில் எங்கிருந்து வந்தவன் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மைதானத்தின் வடக்கு மூலையில், நின்றபடி பார்க்கும் பகுதியில், யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோல் விழுந்தால் முன்பின் தெரியாத ஒருவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவான். அப்பா இறந்த பிறகும், ஆண்டு முழுவதற்குமான அவருடைய பருவச்சீட்டை நான் நிறுத்தவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் வெறுமையாக இருக்கும். அந்த மூலையில் அவ்வளவு நெரிசலிலும் அந்த இடத்தை மற்றவர்கள் எனக்காக விட்டுவைத்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

விட்டுவைக்கச் சொன்னவன் டோர்ஸ்டன். கூரை வேலை செய்பவன், தோள்கள் அகலம், மேளம் அடிப்பவன். முன்கம்பிக்குப் பக்கத்தில் நின்று பாட்டைத் தொடக்கிவைப்பான், முழு மூலையும் பின்னால் பாடும். அவன் எனக்கு ‘ஷோக்கோ’ என்று பெயர் வைத்திருந்தான். சொக்லேட் என்பதன் சுருக்கம். அன்பில் வைத்த பெயர்தான். என் தம்பி நிருஜனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

“அண்ணா, உன்ர பேர் அவனுக்குத் தெரியுமோ?” என்று ஒருநாள் கேட்டான்.

“தெரியாமலென்ன.”

“பிறகேன் கூப்பிடுறானில்லை?”

“அது பகிடியடா.”

நிருஜன் என்னைவிட ஒன்பது வயது இளையவன். ஹனோவரில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளையாட்டில் எந்த அபிப்பிராயமும் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பகிடி விளங்குவது கஷ்டம்.

ஒருமுறை டோர்ஸ்டன் என்னைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனான். ஞாயிறு காலை, மரம் வெட்டிய ஒரு வெளி. எங்கள் ஆட்களும் அவர்களின் ஆட்களும் சம எண்ணிக்கையில் நின்றார்கள். யாரோ கையை உயர்த்த, இரண்டு வரிசைகளும் ஓடி மோதின. எனக்கு எதிரே வந்தவனை விழுத்தி அவன் முகத்தில் குத்தினேன். குத்திய இடத்தில் அவனுடைய பல்லின் துண்டு ஒன்று என் கைமுட்டியில் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து ஊசியால் எடுத்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. பயத்தால் அல்ல. யாருக்கு எதற்காக அடி விழுந்தது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அடி என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும்.

அந்த ஒழுங்கை நான் பேஸ்போலில்தான் பார்த்தேன். வேலை பழகிய காலத்தில் கூடப் படித்தவன் ஒருவன் என்னை ஹம்முக்கு வெளியே உள்ள சின்னக் கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். புல் சரியாக வெட்டாத மைதானம், வேலிக்கு அந்தப்பக்கம் மரக்கறித் தோட்டங்கள். பார்க்க வருபவர்கள் விளையாடுபவர்களின் மனைவிமார். ஆனால் நான் முதல் பந்தை எறிந்ததுமே பயிற்சியாளர் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தார். வேகமாக எறிவேன், நினைத்த இடத்தில் எறிவேன். அதன் பிறகு அமெரிக்க லீக் ஆட்டங்களை இரவிரவாக இருந்து பார்க்கத் தொடங்கினேன்.

உதைபந்தாட்டத்தில் ஒருவன் மற்றவனின் காலை உடைத்தால் நடுவர் மஞ்சள் அட்டை காட்டுவார். உடைக்காவிட்டாலும் விழுந்தவன் உருண்டு உருண்டு அழுவான். பிறகு கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் இருபத்திரண்டு பேர் ஒரு திரையைச் சுற்றிக் காத்துநிற்க, எங்கோ ஓர் அறையில் இருக்கும் யாரோ எது நியாயம் என்று சொல்வார். அடித்ததும் வாங்கியதும் ஆட்டம் முடிந்ததோடு போய்விடும். பேஸ்போலில் அப்படியில்லை. உங்கள் ஆட்களில் ஒருவனை அவர்களின் எறிகிறவன் வேண்டுமென்றே பந்தால் அடித்தால், அடுத்த முறை நீங்கள் எறியும்போது அவர்களில் ஒருவனை அடிக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத விதி. விலாவிலோ தொடையிலோ அடிக்கலாம், தலையில் அடிக்கக் கூடாது. வாங்கியவன் ஒரு வார்த்தையும் பேசாமல் முதலாம் தளத்துக்கு, அதாவது ஓடுபவன் நிற்கும் முதல் இடத்துக்கு, நடந்து போவான். கணக்கு முடிந்தது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நான் பலமுறை யோசித்துப் பார்த்தது. அமெரிக்காவின் பெரிய லீக்கில் எறிகிறவர்கள் பொதுவாக மட்டை பிடிப்பதில்லை. அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் பிடிப்பார். அதாவது, குற்றம் செய்தவன் உங்கள் முன்னால் வந்து நிற்கவே மாட்டான். நீங்கள் அடிப்பது அதே நிறச் சட்டை போட்ட வேறு ஒருவனை. யாரும் அதை அநியாயம் என்று சொல்வதில்லை. சட்டையைப் போட்டவன் அதற்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறான்.

நானும் ஒருமுறை அதைச் செய்திருக்கிறேன். பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். அவர்களுடைய எறிகிறவன் எங்கள் பையன் ஒருவனின் கன்ன எலும்பை உடைத்தான். நான் எறியும் முறை வந்தபோது எதிரே வந்து நின்றவன் கண்ணாடி போட்ட ஒரு மாணவன். இடது விலாவைக் குறிவைத்தேன். ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். முழங்காலில் விழுந்து, வாயைத் திறந்து மூடி, காற்றைத் தேடினான். பிறகு எழும்பி முதலாம் தளத்துக்கு நடந்தான். ஆட்டம் முடிந்ததும் வந்து எனக்குக் கை தந்தான். விலா எலும்பில் வெடிப்பு என்று பிறகு கேள்விப்பட்டேன். நாகரிகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி நிருஜனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்காக அவன் மார்ச் மாதத்தில் வீட்டுக்கு வந்திருந்தான். அந்தச் சனிக்கிழமை எங்களுக்கும் செம்மஞ்சளுக்கும் ஆட்டம். அப்பாவின் இடத்தில் ஒருமுறையாவது வந்து நில் என்று நான்தான் கேட்டேன். வந்தான். கருஞ்சிவப்புச் சால்வையைக் கொடுத்தேன். கழுத்தைக் கடிக்கிறது என்று திருப்பித் தந்துவிட்டான். சாம்பல் நிறக் கோட்டோடு நின்றான். டோர்ஸ்டன் திரும்பிப் பார்த்து, “ஷோக்கோ, இன்னொன்றைக் கொண்டுவந்திருக்கிறாயே, பெட்டியோடு வாங்கினாயா?” என்றான். எல்லாரும் சிரித்தோம். நிருஜன் டொச் மொழியில், அமைதியாக, “இவருக்குப் பெயர் பிரவீணன்” என்றான். டோர்ஸ்டன் மேளத்துக்குத் திரும்பிவிட்டான்.

கடைசி நேரத்தில், காணொளி பார்த்துக் கொடுத்த ஒரு பெனால்டியால் தோற்றோம். அது பெனால்டி இல்லை. அவர்களின் ஆள் கால் படுவதற்கு முன்பே விழத் தொடங்கிவிட்டான். அதைப் பற்றி நான் நிறையச் சொல்லலாம், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

ஆட்டம் முடிந்ததும் நாங்கள் மைதானத்துக்கு வெளியே உள்ள பாலத்தின் கீழே நின்று பாடினோம். தோற்றால்தான் அதிகம் பாட வேண்டும். நிருஜன் தனக்குத் தலை இடிக்கிறது, முன்னால் போய் ரயிலைப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் டோர்ஸ்டனும் இரண்டு மூன்று பேரும் பியர் வாங்கப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது நான் இன்னும் பாடிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்தபோதும் பாடிக்கொண்டுதான் இருந்தேன்.

மைதானத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பின்புறத்தில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவனைக் கண்டெடுத்திருந்தார்கள். ஒருவன் அவனுடைய தலைமுடியைப் பிடித்து முகத்தைச் சைக்கிள் மாட்டும் இரும்பில் வைத்திருக்கிறான், இன்னொருவன் பின்னந்தலையில் மிதித்திருக்கிறான். தாடை இரண்டு இடத்தில் உடைவு. முன்பற்கள் போய்விட்டன. இடது கண்ணின் கீழ் எலும்பு நொறுங்கிக் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. அந்தக் கண் இனி இல்லை என்று வைத்தியர் அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் டொச் குறைவு. நான்தான் அதை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

அம்மா புஸ்பவதி சத்தம் போட்டு அழவில்லை. அவனுடைய காலைப் பிடித்தபடி இருந்தார். “ஆர் அடிச்சவையெண்டு தெரிஞ்சு என்ன செய்யிறது? பிள்ளைக்குக் கண் வருமே?” என்று மட்டும் கேட்டார். அம்மாவும் ஆட்டங்கள் பார்ப்பதில்லை.

அந்த இடத்துக் கமரா வேலை செய்யவில்லை. பொலிஸ் செம்மஞ்சள் பக்கத்து ஆட்களை விசாரிப்பதாகச் சொன்னார்கள். எங்கள் மூலையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. டோர்ஸ்டன் ஆஸ்பத்திரிக்கே வந்தான். கையில் ஒரு சொக்லேட் பெட்டியும் புதுச் சால்வையும். சால்வையை நிருஜனின் போர்வைக்கு மேலே விரித்துவைத்தான். “இதற்குப் பதில் இருக்கும், ஷோக்கோ. யாராவது ஒரு செம்மஞ்சள் நாய் இதற்குப் பதில் சொல்லும்” என்று சொல்லி என் தோளை இறுக்கினான். கண் கலங்கியிருந்தது. நிருஜனின் விரல்கள் கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தன. போர்வையின் கீழே சிறுநீரின் ஈரம் பரவியது. தாதி வந்து எங்களை வெளியே அனுப்பினார்.

டோர்ஸ்டன் போன பிறகு நான் திரும்பி உள்ளே போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் நிருஜன் பல்லுக்குள்ளால் பேசினான். குனிந்து கேட்டேன்.

“அவன்தான் அண்ணா.”

“எவன்?”

“இப்ப வந்தவன். அவன்தான் தலைமயிரைப் பிடிச்சவன்.”

“நீ வடிவாப் பார்த்தனியே?”

“அப்ப எனக்கு ரெண்டு கண்ணும் இருந்தது.”

நான் நிதானமாக யோசித்தேன். தலையில் மிதிபட்டவன். கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. டோர்ஸ்டனை அவனுக்கு ஏற்கெனவே பிடிக்காது. இப்படிப்பட்ட சாட்சியை நடுவர் எவரும் ஏற்றுக்கொள்ள மாட்டார். நான் அவனுடைய கையைத் தடவி, “பொலிஸுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதை. ஞாபகமில்லை எண்டு சொல்லு. நான் பார்க்கிறன்” என்றேன். அவன் என்னை நம்பினான். சின்ன வயதிலிருந்தே நம்புவான். பொலிஸ் வந்தபோது ஒன்றும் ஞாபகமில்லை என்றே சொன்னான். மறுநாள் காலையில் மருந்து குறைந்திருந்தது. அப்போதும் என்னிடம் அதே ஆளைத்தான் சொன்னான். எப்படியிருந்தாலும் ஒரு கணக்கு திறந்து கிடந்தது. அதை யாராவது மூட வேண்டும்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை செம்மஞ்சளுக்கு அவர்களுடைய ஊரில் ஆட்டம். எங்களுக்கு அன்று ஆட்டம் இல்லை. காலையில் பயிற்சிக்குப் போய்த் தோளைச் சூடாக்கிக்கொண்டேன். பிறகு பையோடு அந்த ஊருக்குப் போய், ஆட்டம் முடிந்து ஹம் பக்கம் திரும்பும் அவர்களின் ரசிகர்கள் வரும் ரயிலில் ஏறினேன். பையில் கையுறையும் மூன்று பந்துகளும் இருந்தன. கூட்டமாகப் போகிறவர்களை விட்டுவிட்டேன். என் எதிரே ஒரு மனிதர் தனியாக இருந்தார். அறுபது வயதிருக்கும். பழைய செம்மஞ்சள் சால்வை, கோட்டுக்குள் மடித்துவைத்த செய்தித்தாள். ஹம்மில் இறங்குவதாகச் சொன்னார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெயர் டீட்மார்.

நல்ல மனிதர். அதை மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. காணொளி நடுவரைப் பற்றி அவருக்கும் எனக்கும் ஒரே கருத்து. அந்த மார்ச் மாதப் பெனால்டி பெனால்டியே இல்லை என்று அவராகவே ஒத்துக்கொண்டார். ஒரு செம்மஞ்சள் ஆள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மனைவிக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது, அதனால் தனியாகத்தான் போய்வருகிறேன் என்றார். தன்னிடமிருந்த இரண்டாவது பியரை எனக்குத் தந்தார்.

பையைப் பார்த்து, அதற்குள் என்ன என்று கேட்டார். ஒரு பந்தை எடுத்துக் கொடுத்தேன். பெருவிரலால் சிவப்புத் தையலைத் தடவிப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கிறதே. இது தலையில் பட்டால்?” என்றார். தலையில் அடிக்கக் கூடாது என்பது விதி என்றேன். அந்த எழுதாத விதியை முழுதாக விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

“அப்படியென்றால் ஒன்றும் செய்யாதவன் அல்லவா அடி வாங்குகிறான்?” என்றார்.

“அவனும் அதே சட்டைதானே போட்டிருக்கிறான்.”

சிரித்தார். “நல்லகாலம், நான் உதைபந்தாட்டக்காரன்” என்று சொல்லிப் பந்தைத் திருப்பித் தந்தார்.

ஹம்மில் இருவரும் இறங்கினோம். அவருடைய சைக்கிள் நிலையத்துக்குப் பின்னால், பழைய சரக்குக் கொட்டகையின் சுவரோரம் நின்றது. கை கொடுத்து விடைபெற்றார். வெயில் இருந்தது, வெளிச்சம் என் முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. அவர் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்வரை நான் பின்னுக்கு நடந்தேன். எறியும் மேட்டிலிருந்து மட்டை பிடிப்பவனுக்கு எவ்வளவு தூரம் என்பது என் கால்களுக்குத் தெரியும். நின்றேன். பையைக் கீழே வைத்தேன்.

முதல் பந்து விதிப்படி போனது. இடது கையின் கீழே, விலாவில். அவர் சைக்கிளோடு சேர்ந்து விழுந்தார். அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நான் முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவர் சைக்கிளைப் பிடித்து எழும்பினார், திரும்பினார், என்னைக் கண்டுகொண்டார். ஒரு கையால் விலாவைப் பிடித்தபடி என்னை நோக்கி நடந்துவந்தார். “தம்பி, நான் உனக்கு என்ன செய்தேன்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் கேட்பது மாதிரிக் கேட்டார்.

பேஸ்போலில் அடி வாங்கியவன் கேள்வி கேட்பதில்லை. பேசாமல் தளத்துக்குப் போவான். அவருக்கு விதியை விளக்கியே இருந்தேன்.

இரண்டாவது பந்து வாயில் பட்டது. அவர் பின்னால் சாய்ந்து விழுந்தார், முழங்காலில் நிமிர்ந்தார். சால்வையின் முன்பக்கம் கறுத்துப்போனது. ஏதோ சொல்ல முயன்றார். பற்கள் இல்லாததால் சொல் வரவில்லை. நிருஜனும் அப்படித்தான் பேசினான் என்பது எனக்கு நினைவு வந்தது. அது கேட்கச் சகிக்காத சத்தம். வலது கையை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். மூன்றாவது பந்து அந்த விரல்களை உடைத்துக்கொண்டு போய் நெற்றிப்பொட்டில் பட்டது. என் வாழ்நாளில் நான் எறிந்த மிக வேகமான பந்து அதுவாகத்தான் இருக்கும். அவர் பக்கவாட்டில் சரிந்தார், ஒரு கால் மட்டும் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

கிட்டப் போனேன். அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தேன், சால்வையால் வாயைத் துடைத்து மூச்சுப் போக வழி செய்தேன். வேலையிடத்தில் முதலுதவி படித்திருக்கிறேன். நெற்றி ஓரத்தில் பந்தின் தையல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, ஊதா நிறத்தில். இரண்டு பந்துகளை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது கொட்டகையின் வேலிக்குள் உருண்டு போயிருந்தது. எங்கள் பேஸ்போல் கழகத்தின் முத்திரை குத்திய பந்து. நீங்கள் என்னிடம் வந்தது அதனால்தான் என்று அறிந்தேன்.

வீட்டில் அம்மா புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தார். கை கழுவிவிட்டு இருந்து சாப்பிட்டேன்.

“முகமெல்லாம் சிவந்து கிடக்கு. விளையாட்டே?” என்றார்.

“ஓம்.”

“வெண்டியளோ?”

“சமன்” என்றேன்.

அம்மா இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார்.

டீட்மார் அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இறந்தார். நான் எதிர்பார்த்தது அதுவல்ல. அவருடைய மனைவியின் படம் பத்திரிகையில் வந்தது. அவர் அந்தச் சால்வையைக் கையில் வைத்திருந்தார். கழுவியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் ஆட்டம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செய்தி எல்லாருக்கும் தெரியும், நான் எறிகிறவன் என்பதும் தெரியும். டோர்ஸ்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். என்னை வெகு நேரம் பார்த்தான். அவனுடைய முகத்தில் முதலில் பயம் மாதிரி ஒன்று இருந்தது. பிறகு அது போய்விட்டது. என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு முன்கம்பிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே நான் அதுவரை நின்றதில்லை. மேளக்கோலை என் கையில் தந்தான். நான் அடித்தேன், முழு மூலையும் பாடியது. அன்று வென்றோம். திங்கட்கிழமை உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

விளக்கமறியல் சிறைக்கு நிருஜன் ஒரே ஒரு தடவை வந்தான். தாடைக் கம்பியைக் கழற்றியிருந்தார்கள். கண்ணிருந்த இடத்தில் கண்ணாடிக் கண் இன்னும் வைக்கவில்லை. தான் பொலிஸுக்குப் போய் டோர்ஸ்டனைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டதாகச் சொன்னான். முதலில் ஏன் சொல்லவில்லை என்று அவர்கள் கேட்டார்களாம். அண்ணா சொல்ல வேண்டாம் என்றவர் என்று சொன்னானாம். அதில் எனக்குக் கோபமில்லை.

பிறகு மேசையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டான்.

“அண்ணா, நான் சொன்னதை நீ நம்பேல்லையோ?”

நான் மருந்து மயக்கம் என்றேன், தலையில் பட்ட அடி என்றேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னதும் எழும்பிப் போனான். கதவருகில் இடது பக்கத்து நிலையில் தோள் முட்டியது. அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியாது.

நீங்களும் அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வதால் எனக்கு நட்டமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். டீட்மாரை நான்தான் கொன்றேன். மூன்றாவது பந்தைத் தலைக்குக் குறிவைத்துத்தான் எறிந்தேன். தம்பி சொன்னதை அந்தக் கட்டிலருகில், அவன் சொன்ன அந்தக் கணத்திலேயே நம்பினேன். சொல்வதற்கு முன்பே, போர்வையில் ஈரம் பரவியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். டோர்ஸ்டனை அடித்திருந்தால், சனிக்கிழமைகளில் நான் எங்கே போய் நிற்பது?